நீங்கள் விற்ற மெடிக்கல் கார்டை விடுவது பற்றி

அன்புள்ள மணியம் அண்ணே,

முதலில் என் குட்டை நானே உடைத்துவிடுகிறேன். இன்சூரன்ஸ் பாரங்களோடு எங்கள் ஆயர் ஈத்தாம் பிளாட் கதவை நீங்கள் தட்டியபோதெல்லாம் என் கணவர் சொன்னதுபோல் நான் வெளியே போயிருக்கவில்லை. குளியலறையில் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் என் கணவரிடம் என்னைப் புகழ்ந்து பேசினீர்கள். உள்ளே இருந்து அதைக் கேட்டு மயங்கித்தான் மறுவாரம் தனியார் ஆஸ்பத்திரிக்கான மெடிக்கல் கார்டில் கையெழுத்துப் போட்டேன்.

நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். எனக்கு ஐம்பத்தெட்டு. கார்டுக்குக் கட்டும் பணம் என்னைவிட வேகமாக வளர்கிறது. வலது முழங்கால் படியேறும்போது அப்பளம் மாதிரி சத்தம் போடுகிறது. கார்டு இருந்தால் நாளைக்கே டாக்டர். அரசாங்க ஆஸ்பத்திரியில் முறை வர மாதங்கள் ஆகும். ஆனால் எழுபது வயதில் இந்தப் பணத்தை எங்கிருந்து கட்டுவேன்?

சரி, பார்த்துவிடலாம் என்று அரசாங்க ஆஸ்பத்திரியில் முறை வாங்கிப் போனேன். பக்கத்து நாற்காலியில் யார் தெரியுமா? உங்கள் மனைவி. மடியில் பிஸ்கட் டின், தோளில் சுவெட்டர்.

"அண்ணி, அண்ணன் எடுத்துக் குடுத்த கார்டு என்னாச்சு?"

"என்னா கார்டு? ஊருக்கெல்லாம் வித்தாரு, வீட்டுக்கு ஒண்ணும் எடுக்கல லா. அவரு பிரஷர் மருந்து வாங்குனதே இங்கதான். தெரிஞ்சவங்க வந்தா பேப்பர விரிச்சு மூஞ்ச மறைச்சுக்குவாரு."

நான் சிரித்த சிரிப்பில் நர்ஸ் முறைத்தார். அந்தப் பேப்பரை விலக்கி ஒரு தடவை, 'நீயும் இங்கேயே வா' என்று என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா அண்ணே?

மூன்று மணி நேரம் காத்திருந்தோம். அதற்குள் கெலுகோரில் யார் வீட்டுக் கல்யாணம் நின்றது, நிபோங் திபாலில் யார் நிலத்தை விற்றார் எல்லாம் தெரிந்துவிட்டது. டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். ஆபரேஷன் இப்போது வேண்டாமாம், எடையைக் குறைக்க வேண்டுமாம். செலவு, ஒரு தட்டு மீ கோரெங் நூடுல்ஸ் காசு. தனியார் ஆஸ்பத்திரியில் குளிர் இருக்கும், கம்பளம் இருக்கும். ஊர்ச் செய்தி யார் சொல்வார்? எனக்கு ஒத்துவரும் இடம் இதுதான். கார்டை விட்டுவிடுகிறேன்.

இனி ஒவ்வொரு முறையும் அண்ணிக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன். டின்னில் பிஸ்கட் தீராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

வாளி மேல் உட்கார்ந்திருந்த
உங்கள் தங்கச்சி,
சரோ

பி.கு.: உங்கள் ஏஜெண்ட் வேலையை இப்போது உங்கள் மகள் பார்க்கிறாள். நேற்று வந்து கதவைத் தட்டினாள். குளியலறை வரை ஓட முழங்கால் விடவில்லை. மறுபடி கையெழுத்துப் போட்டுவிட்டேன். கார்டு இன்னும் ஒரு வருடத்துக்கு இருக்கிறது.