உதியன்குளங்கரை மியூசியமும் என் தங்கையும்

அக்டோபர் 4, சனி

தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வரவில்லை. நல்ல வெயில். கறிவேப்பிலைச் செடியில் மறுபடியும் புழு.

கிரிஜா இன்று லாபிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டாள். வந்ததும் சாயா போட்டு என் முன்னால் வைத்துவிட்டு அப்படியே நின்றாள். ஏதோ வேண்டும் என்று அர்த்தம். ஐம்பத்திநாலு வயதாகியும் அந்த நிற்பு மாறவில்லை.

"அக்கா, நாளைக்கு ஒரு எடம் வரை போணும். நீயும் வரணும்."

உதியன்குளங்கரையில் ஒரு மியூசியமாம். உலக நாடுகளின் நாட்டுப்புறக் கலையாம். உதியன்குளங்கரையில்! பஸ் நின்று போனாலே பெரிய காரியம். அங்கே உலகம் வந்து இறங்கியிருக்கிறது.

நடத்துகிறவர் ரவீந்திரன். கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. சர்க்கரை பார்க்க அடிக்கடி லாபுக்கு வருவார், கையில் ஊசி குத்துவது கி. தான். இவ்வளவையும் நான் கேட்காமலே சொன்னாள். கேட்காமலே சொன்னதால் புரிந்துவிட்டது.

ரத்தத்தில் சர்க்கரை பார்த்து வந்த சிநேகம்.

கி.யின் புருஷன் இறந்த பிறகு இந்த வீட்டில் நானும் அவளுமாகத்தான் இருக்கிறோம். எனக்குக் கல்யாணம் இல்லை, பள்ளிக்கூடம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. அவளுக்கு இங்கே என்ன குறை?


அக்டோபர் 5, ஞாயிறு

போய் வந்தாயிற்று. தலைவலி. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

கீழே பெயிண்ட் கடை. மாடி முழுக்க மியூசியம். ஏறும்போதே பெயிண்டில் கலக்கும் தின்னர் நாற்றம். போர்டு மூன்று மொழியில். இங்கிலீஷ் பெரிதாக, மலையாளம் நடுத்தரமாக, தமிழ் மீதி இருந்த இடத்தில்.

ரவீந்திரன் வாசலிலேயே நின்றார். தலைக்குச் சாயம், மீசைக்கு மறந்துவிட்டார்.

"வாங்க டீச்சர், வாங்க. செருப்பு அங்க கெடக்கட்டு."

உள்ளே பார்த்தவை:

போலந்து. கத்தரித்து ஒட்டிய காகிதச் சேவல்கள். எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இதைவிட நன்றாக வெட்டுவார்கள்.

பொலிவியா. ஒரு சாமி. முதுகில் சட்டி, பாய், மூட்டை, கிட்டார். வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார், பாறசாலையில் ரயிலை விட்டவர் மாதிரி.

கானா. மீன் வடிவத்தில் சின்ன மரப்பெட்டி. மாதிரிக்குச் செய்ததாம். அங்கே மீன்பிடிக்காரர் இறந்தால் மீன் மாதிரியே சவப்பெட்டி.

மெக்சிகோ. மண்ணில் செய்த இரண்டு எலும்புக்கூடுகள், மாப்பிள்ளையும் பெண்ணும். பெண்ணுக்கு முக்காடு.

முகமூடிகள் ஒரு சுவர் நிறைய. ஃபேன் ஓடவில்லை.

எங்களைத் தவிர ஒரு குடும்பம் மட்டும். அந்தப் பெண் மீன் பெட்டியைப் பார்த்துப் புருஷனிடம் கேட்டாள்: "இதினகத்து ஆளு கேறுமோ?" அவர் நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சின்ன ஆளாயிரிக்கும்." இதுதான் ரசனை.

ரவீந்திரன் ஒரு முகமூடியைக் காட்டி ஒரு கதை சொன்னார். பெரு நாட்டுச் சந்தை, ஒரு கிழவி, எவ்வளவு கேட்டும் விற்க மாட்டேன் என்றாளாம். இவர் ஒரு வள்ளப்பாட்டு, நம் படகுக்காரர் பாட்டு, பாடினாராம். கிழவி அழுதுகொண்டே கொடுத்தாளாம். கி. இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு தமிழ் எழுத்துகளைப் பார்த்தேன். ஒவ்வொரு பொருளுக்குக் கீழேயும் ஒரு அட்டை, கையால் எழுதியது. பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை. பிழை திருத்துவதுதானே என் தொழில். சத்தமாக வாசித்தேன்.

"ஆப்பிரிக்க முகமுடி. முகமுடியா? முகத்துல முளைக்கிற முடியா? அப்ப இது தாடி மியூசியமா?"

அந்தக் குடும்பம் சிரித்தது. எனக்கும் வேகம் பிடித்துவிட்டது. மீன் பெட்டிக்குக் கீழே: 'மரித்தவர் என்ன வேலை பார்த்தாரோ அதின் வடிவில் பெட்டி. வேலை இல்லாதவர்களுக்கு என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை.' தெரியாதவர் எதற்கு எழுத வேண்டும் என்றேன். எலும்புக்கூடுகளுக்குக் கீழே: 'செத்த பிறகும் கல்யாணம் கழிக்கலாம் என்று அந்த நாட்டுக்காரர்கள் நினைக்கிறார்கள். பெண் சிரிக்கிறாள்.' எலும்புக்கூடு எல்லாமே சிரிக்கத்தான் செய்யும், பல்லை மூட உதடு இல்லையே என்றேன். ஐந்தாம் வகுப்பில் இதை எழுதியிருந்தால் முட்டியில் நிறுத்தியிருப்பேன் என்றும் சொன்னேன்.

ரவீந்திரன் சிரிக்கவில்லை. கி.யைப் பார்த்தார்.

திரும்பும்போது ஆட்டோ அமரவிளை தாண்டியதும் கி. சொன்னாள்.

"அதெல்லாம் நான் எழுதினதாக்கும்."

நான் ஏதோ சொல்லப் போனேன்.

"எனக்கு மலையாள மீடியந்தான. அவரு எழுத ஆளு தேடினாரு, நான் எழுதுகேன்னு சொன்னேன். முகமூடிக்கு குறிலா நெடிலாண்ணு உன்கிட்ட கேக்கணும்ணு நெனச்சேன். கேக்க பயமா இருந்து."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பார்க்கட்டும்.


அக்டோபர் 6, திங்கள்

கி. புட்டு அவித்து வைத்துவிட்டு, சாப்பிடாமல் லாபுக்குப் போனாள். புட்டுக்குப் பயறு இல்லை. பழமும் இல்லை. கோபம்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பிழை பிழைதானே. ஆனால் அந்த "பயமா இருந்து" காதிலேயே நிற்கிறது.

சாயங்காலம் சந்திரன் அண்ணனைப் போனில் விளித்தேன். பெரியப்பா மகன், குன்னத்துகாலில் சிமெண்ட் கடை. இருக்கிற ஆண் உறவு அவர் ஒருவர்தான். எல்லாம் சொன்னேன். பழைய பொம்மைக்கடை, தலைச்சாயம், வாயைத் திறந்தால் கதை. "இந்த வயசில் இது என்ன கூத்து" என்றும் சொன்னேன்.

"அவன் நம்ம ஆளுக இல்லல்லா?" என்றார் அண்ணன்.

இல்லை என்றேன். அது எனக்குக் காரணம் இல்லை என்றும் சொன்னேன். அதை அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"நான் கண்டுட்டு வாறேன். நீ பேசாம இரி மக்கா."


அக்டோபர் 9, வியாழன்

இரண்டு நாள் எழுதவில்லை, எழுத ஒன்றும் இல்லை. கி. தேவைக்கு மட்டும் பேசுகிறாள். "கேஸ் தீர்ந்து." "பால்காரன் வந்து." அவ்வளவுதான்.

இன்று ரவீந்திரன் வந்தார். என் வாசிப்புக் கண்ணாடியை அங்கேயே விட்டுவிட்டேனாம். கி. லாபில். அவரைத் திருப்பி அனுப்ப வழி இல்லை, உட்காரச் சொன்னேன். சாயா கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

"டீச்சர் அண்ணைக்கு வாசிச்சது நல்லா இருந்து. ஆளுக சிரிச்சாங்க. இதுவரை அங்க வந்து யாரும் சிரிச்சதில்ல."

குத்தலா, அசட்டுத்தனமா? முகத்தைப் பார்த்தேன். அசட்டுத்தனம்தான்.

பேச்சுக்குப் பேச்சு துறைமுகம். அந்த முகமூடிக் கதையை மறுபடி எடுத்தார். இந்த முறை சந்தை பிரேசிலில். கிழவி போய் ஒரு கிழவன் வந்துவிட்டான். வள்ளப்பாட்டு மட்டும் மாறவில்லை. நான் முகத்தை அசைக்காமல் கேட்டேன். பொய்யர். கையும் களவுமாக.

போகும்போது வாசல் பல்பு விட்டுவிட்டு எரிவதைப் பார்த்து, ஸ்டூல் கேட்டு ஏறி, ஹோல்டரை முறுக்கிவிட்டுப் போனார். அந்த பல்பு ஓணத்திலிருந்தே அப்படித்தான்.

ராத்திரிச் சோறு உண்ணும்போது கி.யிடம் சொன்னேன். பெரு பிரேசிலாகிவிட்டது என்று. அவள் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன்.

"அறியும் அக்கா. ஒவ்வொரு தடவையும் ஊரு மாறும். ஒருக்கா ஒரு சர்க்கஸ்காரி வந்தா."

"பொய்யிண்ணு தெரிஞ்சுமா கேட்டுட்டு இருக்க?"

"எனக்கு அது கேக்க இஷ்டமாக்கும். இந்த வீட்ல எல்லாம் சரியாட்டுத்தான் இருக்கு. எப்பவும் சரியாட்டுத்தான் இருக்கு."

மீன்குழம்பில் புளி அதிகம். சொல்லவில்லை.


அக்டோபர் 11, சனி

சந்திரன் அண்ணன் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் கார் சாவி. நாற்காலியில் விரிந்து உட்கார்ந்தார். கி. வீட்டில்தான் இருந்தாள், அடுக்களையில். அவளைக் கூப்பிடவில்லை. அவளுக்குக் கேட்க வேண்டும் என்றே உரக்கப் பேசினார்.

"போய்க் கண்டேன் மக்கா. நீ சொன்னது உள்ளதாக்கும். பழைய பொம்மைக்கடை. தலைச்சாயமும் அவனும். ஒரு எலும்புக்கூட்டுக்கு முக்காடு போட்டு வச்சிருக்கான், எளவு. மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தான் வந்தேன், எங்க வீட்டுப் பொண்ணு உனக்கு மியூசியத்துல வைக்க உள்ளதில்லண்ணு."

என் வார்த்தைகள்தான் அவை. பொம்மைக்கடை, சாயம், எல்லாம். நான் சொன்னபோது கூர்மையாக இருந்த மாதிரி ஒரு நினைப்பு. இவர் வாயில் அவை வெற்றிலை எச்சில் மாதிரி இருந்தன.

அவர் நிறுத்தவில்லை.

"அவளுக்கு இஞ்ச என்ன கொறவு? சோறு உண்டு, டிவி உண்டு, துணைக்கு நீ உண்டு. தாலி அறுத்தவளுக்கு இந்த வயசுல ஆணு கேக்குதோ?"

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"போதாததுக்கு, இது சித்தப்பா கட்டின வீடு. நாளைக்கு எவனோ ஒருத்தன் வந்து கேறி இருப்பான். அது நடக்காது."

ஓ. வீடு. இந்த ஆளுக்கு மூன்று மாடி உண்டு குன்னத்துகாலில், மூன்றிலும் கிரானைட். ரவீந்திரனின் மாடியில் உள்ள சாமான்களைப் பார்த்து இவருக்குத் தோன்றியது இதுதான். அந்தக் காகிதச் சேவலுக்கு உள்ள மூளை இவருக்கு இல்லை. இவரைத்தான் நான் விளித்தேன். நானே விளித்தேன்.

"அண்ணே, சாயா குடிச்சாச்சுண்ணா எழும்பும்."

அவருக்குப் புரியவில்லை.

"என்னது?"

"போவும்ணு சொல்லுதேன். அவ காரியம் அவ பாத்துக்குவா. வீடு என் பேருலயும் அவ பேருலயும் உள்ளது. உமக்கு இதுல ஒண்ணும் இல்ல."

முகம் கறுத்தது. எழுந்து அடுக்களை வாசலில் போய் நின்று கி.யிடம் சொன்னார்: "கேட்டியா? என்னை விளிச்சு வரச் சொன்னதே உனக்க அக்காதான். பொம்மைக்கடைண்ணு சொன்னதும் அவதான். இப்ப எனக்குப் பாடம் எடுக்குறா."

கார் போயிற்று.

கி. வந்து கதவில் சாய்ந்தாள். "நீயா விளிச்ச?"

"ஆமா."

"என்னத்துக்கு?"

ஐம்பது நிமிஷ வகுப்பை ஒரு குறிப்பும் இல்லாமல் எடுத்தவள் நான். ஒரு வாக்கியம் வரவில்லை. கடைசியில் வந்தது இது: "நீ போயிட்டா நான் யாருக்கு சாயா குடிப்பேன்." போடுவேன் என்று சொல்ல நினைத்தேன். குடிப்பேன் என்று வந்துவிட்டது. சாயா போடுவது எப்போதும் அவள்தான்.

கி. கதவை விட்டு நகர்ந்தாள். "அவருகிட்ட போய் நானாக்கும் இனி மாப்பு சொல்லணும்" என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.


அக்டோபர் 12, ஞாயிறு

கி. நேற்று இருட்டுமுன் திரும்பினாள். இன்று காலை மட்டும் ஒன்று சொன்னாள், துணி மடித்துக்கொண்டே.

"பதிவு ஆபீசுல கல்யாணத்துக்கு எழுதிக் கொடுக்கப் போறோம். உன்கிட்ட கேக்கல்ல, சொல்லுதேன்."

சரி என்றேன்.

"அவரு நல்ல ஆளொண்ணும் இல்ல. தெரியும். குறட்டை விடுவாருன்னு அவரே சொன்னாரு. புட்டுல சீனி போட்டுத் தின்பாரு."

"சர்க்கரை உள்ள ஆளா?"

"அதான்."

தொட்டி கழுவ ஆள் வந்தான். அடியில் ஒரு செத்த ஓணான். இத்தனை நாள் அந்த வெள்ளத்தைத்தான் குடித்தோம்.


நவம்பர் 17, திங்கள்

இடையில் எழுதாததற்குக் காரணம் சோம்பல். நாளை பதிவு. ஒரு மாத நோட்டீஸ் முடிந்துவிட்டது. சந்திரன் அண்ணன் ஆட்சேபம் கொடுப்பேன் என்று இரண்டு பேரிடம் சொன்னாராம். கொடுக்கவில்லை. அதற்கும் ஒரு விண்ணப்பம் எழுதத் தெரிய வேண்டுமே.

ர. நேற்று வந்து கி.யின் பெட்டிகளை எடுத்துப் போனார். மீசைக்கும் சாயம் ஏறியிருக்கிறது. இப்போது இன்னும் மோசம். வாசலில் நின்று நார்வேயில் பனியில் வழி தவறிய கதை. கி. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டாள். நானும் முடிவு வரை நின்றேன், இந்த முறை எப்படித் தப்பிக்கிறார் என்று பார்க்க. ஒரு நாய் வந்து காப்பாற்றியது. நம்பவே முடியாத நாய்.

இன்று மத்தியானம் கி. சாட்சிகளைப் பற்றிச் சொன்னாள். லாபில் கூட வேலை பார்க்கிற இரண்டு பெண்கள், ர. பக்கம் ஒருவர். மூன்று பேர் போதும்.

"நீ வரணும்ணு இல்ல அக்கா. அங்க நின்னு நின்னு அலுத்துப் போவும். உனக்கு இதொண்ணும் பிடிக்காதுண்ணும் தெரியும்."

பிடிக்காதுதான். அந்த ஆளைப் பிடிக்காது, அந்த மாடியைப் பிடிக்காது, தின்னர் நாற்றம் அறவே பிடிக்காது. அவள் பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ரெண்டு பிள்ளையள்ல ஒண்ண லீவு எடுக்கண்டாம்ணு சொல்லு" என்றேன்.

"ஏன்?"

"நான் வாறேன்."

கி. கத்தியைக் கீழே வைத்தாள். கையைக் கழுவிவிட்டு என் அலமாரியைத் திறந்து, பச்சைப் பட்டுச் சேலையை எடுத்துக்கொண்டு போய் வெளியே கொடியில் விரித்தாள். பாச்சை உருண்டை வாசம். ரவிக்கை கையில் இறுகும், ஓய்வு பெற்ற அன்று போட்டது. பிரித்துத் தைக்க வேண்டும், வெளிச்சம் போவதற்குள்.