நான் அழித்த வரி

பெப்ரவரி, செவ்வாய் இரவு, ஸ்காபரோ.

படுத்துப் பார்த்தன், நித்திரை வரேல்லை.

எங்கட ஆய்வுகூடத்தில புரதங்களின்ர வடிவத்தைத் திரையில சுழற்றிக் காட்டுற கணினி ஸ்கிரிப்ட் எழுதுறது என்ர வேலை. எந்தக் காட்சியில எது தெரியவேணும், எது மறையவேணும் எண்டு வரி வரியா எழுதுவன். போன கிழமை, நாங்கள் ஆராயிற மருந்து புரதத்தில போய் ஒட்டுற கடைசிக் காட்சியில, சோதனையில உண்மையாக் கிடைச்ச தரவை நீல வலையா மேல போட்டன். மருந்து மூலக்கூறில அரைவாசி வலைக்கு வெளியில நிண்டுது. மருந்து புரதத்தில உண்மையா ஒட்டுது எண்டதுக்கு வலுவான ஆதாரம் இல்லை.

எனக்கு மேல வேலை செய்யிற ரவி அண்ணையிட்டைக் காட்டினன். "பாக்க வாறவை விஞ்ஞானியள் இல்லை. வலை போடுற உந்த வரியை எடுத்துவிடும்" எண்டார். எடுத்தன்.

இண்டைக்கு நோயாளியளின்ர குடும்பங்களுக்கு அதைக் காட்டினம். மருந்து கச்சிதமாப் போய்ப் பொருந்திச்சுது. எல்லாரும் கை தட்டிச்சினம். பிறகு, பிக்கரிங்கில இருந்து வந்த ஒரு அம்மா என்ர கையைப் பிடிச்சா. அவவின்ர மகளுக்கு, நாங்கள் மருந்து தேடுற அந்த வருத்தம்.

"இனி மருந்து வந்திடும்தானே, பிள்ளை?"

"ஓம்" எண்டன்.

பின்னேரம் அண்ணையிட்டைப் போய், வலையைத் திரும்பப் போட்டு, ஆய்வுகூடத்தை நடத்துற பேராசிரியருக்கு அனுப்பப்போறன் எண்டு சொன்னன். "அனுப்பும். நான்தான் எடுக்கச் சொன்னனான் எண்டும் எழுதும்" எண்டார். அதை நான் எதிர்பார்க்கேல்லை. அனுப்பிப்போட்டன்.

ஆனா அந்த அம்மாவுக்கு ஆர் சொல்லுறது? அவவின்ர பேரைக்கூட நான் கேக்கேல்லை.