பாலத்தடியில் ஒரு லூசுத்தனம்

அன்புள்ளவளுக்கு,

போனில் சொன்னால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். மகளையும் பேரக்குழந்தையையும் நன்றாகப் பார்த்துக்கொள். நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

திங்கட்கிழமை காலை பாலத்தடியில் பஸ்ஸை நிறுத்திவிட்டேன். இத்தனை வருஷம் ஓட்டின ரூட், எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியவில்லை. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். கண்டக்டர் ஓடிவந்து, "என்னண்ணே லூசுத்தனம் பண்றீங்க, இடது பக்கம் திருப்புங்க" என்றான். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் சொன்ன பக்கம் திருப்பினேன்.

நீயும் அப்படித்தான் சொல்வாய். டீயில் உப்பைப் போட்டால், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டால், "லூசு" என்று தலையில் குட்டுவாய். போன மாசம் கேஸை மூடாமல் விட்டேனே, அன்றைக்கு நீ குட்டவில்லை. ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாய்.

நேற்று டிப்போ மேனேஜரிடம், "இனிமே எனக்கு வண்டி வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள்.

டாக்டரிடம் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. நீ சீக்கிரம் வா. ஸ்டேஷனுக்கு உன் தம்பி வருவான். என்னை எதிர்பார்க்காதே.

உன் வீட்டுக்காரன்