சுவருக்கு அந்தப் பக்கத்து எர்த் குழி

அண்ணே,

பேசாமல் இருந்தது போதும். ஒரே வீட்டுக்குக் குறுக்கே சுவர் வைத்த நாளிலிருந்து உன்னோடு நான் பேசவில்லை. பங்குனியில் நீ போனபோதும் வாயைத் திறக்கவில்லை.

கோபம் எதற்கென்று உனக்குத் தெரியும். கல்லூரி நாளிலிருந்து நான் சேர்த்த டிரான்சிஸ்டர், காயில், பாதி செய்த ரேடியோ எல்லாவற்றையும் பாகம் பிரித்தபோது பெட்டியோடு பழைய இரும்புக்காரரிடம் போட்டாய். "இந்தக் குப்பைய வச்சு என்னலே செய்யப் போற?" என்றாய். நீ இறந்துவிட்டதால் அது நியாயமாகிவிடுமா?

நீ போவதற்கு முந்தின மாசியில் பின்னறையில் மேசை போட்டேன். ரப்பர் விரிப்பு, சால்டரிங் அயர்ன், கோவில்பட்டியில் கிடைக்காமல் மதுரையில் வாங்கிய, மின் அலையைத் திரையில் காட்டும் பழைய ஆசிலாஸ்கோப். முதல் வேலை, நீ தூக்கிப்போட்ட அதே ரேடியோவை மறுபடி முதலிலிருந்து செய்வது.

சித்திரையில் ஆசிலாஸ்கோப்பின் இரும்பு உடம்பைத் தொட்டால் விரலில் சுருக்கென்றது. எலெக்ட்ரீஷியன் எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது சுவர் தாண்டி உன் முற்றத்தில் இறங்கியது. கிணற்றையும் வேம்பையும் பத்திரத்தில் பிரித்தோம். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்க இரண்டு வீட்டுக்கும் ஒரே குழிதான் என்பது எனக்கு நினைவில்லை.

"கரிசல் வெடிச்சு, கம்பிய விட்டு வெலகிருச்சு அண்ணாச்சி. ஈரம் இல்லாட்டி கரண்டு மண்ணுக்குள்ள எறங்காது. இதுக்கு யாரு தண்ணி ஊத்துதாவ?" என்றார்.

நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன். மதினி அந்தப் பக்கத்திலிருந்து சுவருக்கு மேலாக என்னைப் பார்த்தே பதில் சொன்னார்.

"அவியதான் தெனமும் ஒரு குடம் ஊத்துவாவ. நமக்கு மிக்சியும் ஃபேனுந்தானே, எதுக்குன்னு கேட்டா, 'ஏட்டி, அந்தப் பய ஒயரும் இதுலதான் கெடக்கு. எதையாச்சும் நோண்டிக்கிட்டே இருப்பான்'னு சொல்லுவாவ. இப்பமாவது எட்டிப் பாக்கத் தோணிச்சே, கொழுந்தனாரே."

எத்தனை கோடை அண்ணே? குடத்தைத் தூக்கிய நேரத்தில் சுவருக்கு மேலே ஒரு சத்தம் கொடுத்திருக்கக் கூடாதா?

"ஒங்க பக்கமே புதுக்குழி தோண்டிருவமா?" என்று எலெக்ட்ரீஷியன் கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. உன்னை மன்னித்துவிட்டதாக எழுத மாட்டேன். நீ ஊற்றிய தண்ணீர் என் பெட்டியைத் திருப்பித் தராது.

ஆனால் நாளைக் காலையில் குடத்தோடு உன் வாசல் வழியாக வருவேன். மழை இறங்கும்வரை தினமும் வருவேன்.

ஒரு சுவர் தூரத்துக்கு இதைத் தபாலில்தான் அனுப்புகிறேன்; மதினிதான் பிரித்துப் படிப்பார். அடியில் 'உன் தம்பி' என்று எழுதப் போனேன், கை நின்றுவிட்டது. கையெழுத்தில்லாமலே போகட்டும். குடத்தோடு வந்து நிற்பவன் யாரென்று மதினிக்குத் தெரியும்.