தடிக்காத துளி

ஜூன் 3

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நாம் ஒரே வீட்டில் இல்லாதபோது இப்படி அழைக்கலாமா என்று யோசித்தேன். வீடு உன்னிடம்தானே இருக்கிறது, அழைக்கலாம். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வந்துவிடுகிறது. தபாலில் சண்டை வந்து சேர மூன்று நாளாவது ஆகும் என்பதால் எழுதுகிறேன்.

அறை சௌகரியம்தான். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய் தெரிகிறது. கூடவே தூக்கிவந்த அப்பாவின் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து அச்சுப் புரூஃப் பார்க்கிறேன், அதிலேயே தூங்கியும் போகிறேன். காலைத் தும்மல் மட்டும் நின்றபாடில்லை. உன் பூனையின் முடி என் சட்டைகளோடு வந்து குடியேறிவிட்டது போலிருக்கிறது.

ஆனாலும் நல்ல செய்தி. அலர்ஜி டாக்டரிடம் போனேன். நர்ஸ் என் முன்கையில் வரிசையாகத் துளிகள் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஊசி முனையால் லேசாகக் குத்தினார். ஆகாத பொருள் என்றால் அந்த இடம் கொசு கடித்தது போல் தடிக்குமாம். பூனைத் துளி தடிக்கவில்லை. எதுவுமே தடிக்கவில்லை. கடைசித் துளியைக் காட்டி, "இது எல்லாருக்கும் தடிக்குமே சார்! இருங்க, டாக்டரைக் கூட்டிட்டு வரேன்" என்று வியந்துபோய் ஓடினார். பாராட்டுக்கெல்லாம் காத்திருக்கும் வழக்கம் எனக்கு இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

ஆகவே, நான் வீட்டுக்குத் திரும்பி வரத் தடை ஏதும் இல்லை. நீ என்ன சொல்கிறாய்? மேனேஜரை விசாரித்ததாகச் சொல். ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் முறைக்கும் பூனைக்கு அதைவிடப் பொருத்தமான பெயரை இன்னும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இப்படிக்கு,
உன் பழைய குடித்தனக்காரன்


ஜூன் 8

அன்புள்ள உங்களுக்கு,

பரிசோதனைக்கு முந்தின நாள் எத்தனை தும்மல் மாத்திரை விழுங்கினீர்கள்?

நான் பிழைப்புக்கு என்ன செய்கிறேன் என்பதை மறந்துவிட்டீர்கள். பகல் முழுவதும் மைக்ராஸ்கோப்பில் தோல் துண்டுகளைப் பார்க்கிறவள் நான். அதில் மாஸ்ட் செல் என்று ஒன்று உண்டு. சாயம் போட்டால் வயிறு நிறையப் பொடிப் பொட்டலம் கட்டி வைத்திருப்பது ஊதா நிறத்தில் தெரியும். தோலிலும் மூக்கிலும் மூச்சுக் குழாயிலும் காவலுக்கு உட்கார்ந்திருப்பவை இவை. புழு, கிருமி வந்தால் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டி ஊரைக் கூட்டுவதுதான் வேலை. சிலர் உடம்பில் தபால்காரர் வந்தாலும் ஊரைக் கூட்டிவிடும். அதற்குப் பெயர்தான் அலர்ஜி. இதில் ஒரு குணம்: ஆகாத பொருளை முதல் தடவை பார்க்கும்போது வாயே திறக்காது. அடையாளம் மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளும். அடுத்த தடவைதான் ஆட்டம்.

அது கொட்டும் பொருளில் முக்கியமானது ஹிஸ்டமின். உங்கள் கையில் வைத்த கடைசித் துளி அதேதான். அது உயிருள்ள எல்லார் தோலையும் தடிக்க வைக்கும். தடிக்கவில்லை என்றால் ஒன்று நீங்கள் உயிரோடு இல்லை, அல்லது மாத்திரை போட்டிருக்கிறீர்கள். மாத்திரை காவலாளியின் வாயை அடைக்காது. ஊரார் காதில் பஞ்சு வைக்கும், அவ்வளவுதான். பாவம், அந்த நர்ஸ் உங்களைப் பாராட்ட ஓடவில்லை.

மேனேஜர் நலம்.

இப்படிக்கு,
வீட்டுக்காரி


ஜூன் 12

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

இரண்டு மாத்திரை. அதற்கு முந்தின நாளும் இரண்டு. பரீட்சையில் பிட் அடித்தவன் தானே போய் ஆசிரியரிடம் பிட்டைக் காட்டிய கதை உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

என்னுடைய மாஸ்ட் செல்களை எனக்கு நன்றாகத் தெரியும். என் பெரிய அத்தை அதே ரகம். முதல் தடவை வீட்டுக்கு வருகிறவரிடம் சிரித்துக்கொண்டே இருப்பார். இரண்டாவது தடவை வந்தால் தெரியும்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்கவில்லை. போன வருஷம் அந்தச் சாயங்காலம் தும்மித் தும்மி மூச்சு வாங்கிக்கொண்டு உன்னிடம் கேட்டேன்: "பூனையா, நானா? ரெண்டுல ஒண்ணு சொல்லு." நீ பதில் சொல்லவில்லை. யோசித்தாய். பூனை என்றே நீ சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன். அந்த யோசனைதான் என்னை மாடிப்படி இறங்க வைத்தது. அந்தக் கேள்வியே தேவைப்படாத மனிதனாகத் திரும்பி வரலாம் என்று நினைத்தேன். வேறொன்றுமில்லை.

இப்படிக்கு,
குட்டு வெளிப்பட்டவன்


ஜூன் 17

அன்புள்ள உங்களுக்கு,

நான் யோசிக்கவில்லை. உங்கள் நெஞ்சில் விசில் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். வரவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்து, "லூசா நீங்க?" என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். பிறகு எனக்கும் ரோஷம் வந்துவிட்டது.

மறுபடி போங்கள். ஒரு வாரம் மாத்திரையைத் தொடக் கூடாது. தும்முகிறவர் தும்மட்டும். எது தடித்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். அதை வைத்து என்ன செய்வது என்பதை இரண்டு பேரும் சேர்ந்து யோசிப்போம்.

இப்படிக்கு,
வீட்டுக்காரி


ஜூலை 2

அன்புள்ளவளே,

நர்ஸ் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "சார், இன்னைக்கு எந்திரிச்சு ஓடினா கையைக் கட்டிப் போட்ருவேன்" என்றார். ஓடவில்லை.

கடைசித் துளி எல்லாருக்கும் போல் எனக்கும் தடித்தது. உயிரோடுதான் இருக்கிறேன். பூனைத் துளி தடிக்கவே இல்லை. பழைய மெத்தைகளில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியின் துளி வைத்த இடம் பணியாரம் போல் வீங்கிவிட்டது. டாக்டர் கேட்டார்: "பழைய மெத்தை, சோபா எதாவது வச்சிருக்கீங்களா?" அப்பாவின் நாற்காலியைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னேன்.

மேனேஜர் என் நாற்காலியில் குதித்தபோதெல்லாம் நான் தும்மியது உண்மை. குதித்தவன்மேல் வழக்குப் போட்டேன். கிளம்பிய தூசியை விசாரிக்கவில்லை. அந்தப் பூச்சிகள் மனிதத் தோலிலிருந்து உதிரும் துகளைத் தின்று வாழ்கின்றனவாம். அப்பாவும் நானுமாக இரண்டு தலைமுறை அவற்றுக்குச் சாப்பாடு போட்டிருக்கிறோம். வீட்டைவிட்டு வரும்போது, ஆகாததையே நாலு பேரை வைத்து மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

விஷயத்தைச் சொல்லியும், கீழ்வீட்டில் இருக்கும் இந்த அறையின் உரிமையாளர் நாற்காலியை வாங்கிக்கொண்டார். "எனக்கெல்லாம் ஒண்ணும் பண்ணாது" என்றார். இன்று காலை கீழ்வீட்டிலிருந்து தும்மல் சத்தம் கேட்டது. முதல் தடவை ஒன்றும் செய்யாது என்று நீ சொன்னதால், சளியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறேன்.

வரலாமா?

இப்படிக்கு,
உன்னுடையவன்


ஜூலை 6

அன்புள்ள உங்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். தலையணை உறை, போர்வை எல்லாவற்றையும் கொதிக்கிற வெந்நீரில் துவைத்தாயிற்று. மெத்தைக்குப் பூச்சி நுழையாத உறை வாங்கிப் போட்டிருக்கிறேன். புரண்டு படுத்தால் காகிதம் போல் சத்தம் போடும், பழகிக்கொள்ள வேண்டியதுதான். கட்டிலில் உங்கள் பக்கம் மேனேஜர் படுத்திருக்கிறார். நகர்த்துவது உங்கள் சாமர்த்தியம்.

மாத்திரையைக் கையோடு கொண்டு வாருங்கள். போடும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
வீட்டுக்காரி