வாஷி போய்ச் சேர்ந்த வண்டி

அல்லிநகரம்
4.6.2025

அன்புள்ள மருமகன் ஈஸ்வரபாண்டிக்கு,

போனில் பேசினால் எனக்குப் பாதி வார்த்தை வராது. அதனால் இதைப் பொன்னுராஜ் லாரியில் கொடுத்தனுப்புகிறேன். காலை அசைக்காமல் படுத்திரு. உன் அம்மாவிடம் சின்ன முறிவு என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

ஒரு விஷயம். வண்டி கிளம்பும் முன்பே ஆபீசில் உட்கார்ந்து ட்ரிப் ஷீட் முழுவதையும் நான் எழுதிவிடுவது உனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் ஓட்டுவது, ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரைமணி ஓய்வு, எல்லாம் சட்டப்படி. இந்தத் தடவையும் அப்படித்தான் எழுதினேன். பாதி வழியில் தாவணகெரேயில் தடுப்புச் சுவரில் மோதிய உன் வண்டி, என் தாளில் மும்பை வாஷி மார்க்கெட் போய்ச் சேர்ந்து வாழைக்காயையும் இறக்கிவிட்டது.

முதலாளி வேறு தாள் எழுதச் சொன்னார். எழுதினேன். அதில் நீ துமகூரில் எட்டு மணி நேரம் தூங்கியிருக்கிறாய். இன்சூரன்ஸ் சர்வேயர் படித்துவிட்டு, "நல்லாத் தூங்கி எந்திரிச்ச ஆளு மோதுனா, அது டிரைவரோட கவனக்குறைவுதான்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

பழைய தாளைக் கிழிக்கச் சொன்னார்கள். கிழிக்கவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

உன் மாமா,
ராஜமணி


தாவணகெரே
9.6.2025

மாமாவுக்கு வணக்கம்.

கால் பரவாயில்ல. சர்வேயர் இங்கனயும் வந்தாக, தாளக் காமிச்சாக. ஒங்க முத்து முத்தான கையெழுத்துல நான் தூங்குற அழகப் பாத்து எனக்கே பொறாமையாப் போச்சு. பதினேழு மணி நேரம் ஓட்டுனேன் மாமா. டீக்கு நிறுத்துனாக்கூட, "ஏலே, காய் பழுத்துரும், வண்டிய எடுறா"ன்னு முதலாளி போன்ல விரட்டுறாக. கண்ணு எப்ப மூடுச்சுன்னே தெரியல.

லைசென்சு போயிரும்ங்குறாக. வேற தொழில் எனக்குத் தெரியாது. அந்தப் பழைய தாள மட்டும் சர்வேயர்ட்ட குடுத்துருங்க. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாக.

ஈஸ்வரபாண்டி


அல்லிநகரம்
16.6.2025

அன்புள்ள மருமகனுக்கு,

உனக்கு மூன்று பதில் எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் என் காரணங்கள்தான் இருந்தன. இடையில் முதலாளி வீட்டுக்கே வந்து, "எல்லா ஆபீஸ்லயும் இப்பிடித்தான் எழுதுறாக. இந்த வயசுல ஒங்களுக்கு எதுக்குப் பெரியவரே வம்பு?" என்றார். நானும் தலையாட்டினேன்.

இன்று காலை பழைய தாளைச் சர்வேயரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். சட்டைப் பையில் வியர்வை பட்டு ஓரம் நைந்திருந்தது. அவர் இரண்டு தாளையும் மேசையில் விரித்துவைத்து, "ரெண்டும் ஒரே கையெழுத்து. இதுல எது பொய்?" என்று கேட்டார்.

இரண்டும்தான் என்றேன். அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். நாளையிலிருந்து ஆபீசுக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லியனுப்பிவிட்டார்.

லைசென்ஸ் தப்புமா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. நடந்ததை மணிவாரியாக எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளைத் தாளில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். எங்கெங்கே நிறுத்தினாய், எத்தனை நிமிடம் என்று நீதான் எழுதியனுப்ப வேண்டும். பதினொரு வருடமாக உன் ஓய்வையெல்லாம் நான் எழுதியிருக்கிறேன். ஒருநாளும் உன்னைக் கேட்டு எழுதியதில்லை.

மாமா,
ராஜமணி