பூமுடி

சங்கரன்கோவில்

அன்புள்ள அத்தானுக்கு,

நம் மகள் வடிவுக்கு மொட்டை போட்ட அன்று கோவிலில் இருந்தது நான்கு பேர்தான்: நான், உங்கள் அக்கா, நாவிதர், வடிவு. வேறு யாரையும் கூப்பிடவில்லை.

நீங்கள் பம்பாய் போகுமுன் அவளுக்குச் சைக்கிள் பழக்கிவிட்டீர்கள். இந்தக் கோடை லீவு முழுக்க அவள் வாடகை சைக்கிளில்தான் சுற்றினாள். புளியங்குடி வரை போய், எலுமிச்சைத் தோட்டம், மலை மேல் இறங்கும் மேகம் எல்லாம் பார்த்துவிட்டு வந்து, நான் அரிசி களையும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொல்லுவாள்.

உங்கள் அக்காதான், "பதினாலு வயசுப் பொட்டப்பிள்ளை ரோட்டுல பறக்கா. முடியை எடுத்துட்டா வீட்டுல கிடப்பா" என்றார்கள். சின்ன வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது நான் நேர்ந்துகொண்ட முடி பாக்கி இருந்தது.

நாவிதர் முதலில் கத்தியை எடுக்கவே இல்லை. "சமைஞ்ச பிள்ளைல்லா தாயி, பூமுடின்னு மூணு கொத்து கத்தரிச்சாப் போதுமே" என்றார். "முழு மொட்டைன்னுதான் நேர்ந்திருக்கேன்" என்று அம்மன் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

நேர்த்திக்கடன் எழுதிவைக்கும் என் நோட்டில் பூமுடி என்றுதான் இருக்கிறது. வடிவு அதைப் படித்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள், தலையைக் குனிந்து கொடுத்தாள்.

மறுநாள் காலையில் தலையில் துண்டுகூடப் போடாமல் சைக்கிளில் போனாள். தினமும் போகிறாள். "இன்னைக்கு என்னட்டி பார்த்தே?" என்று கேட்டால், "அப்பாவுக்கு எழுதிட்டேன்" என்கிறாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் நான் தனியாகப் போனதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவள் என்ன பார்த்தாள் என்று எனக்குச் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி